வலுப்பயிற்சியின் முதல் மாதங்களும் டிஜிட்டல் எடை மெஷினும்: ஓராண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கைப்பேசியோடு புளூடூத் வழியாக இணையும், கண்ணாடிப் பலகை வைத்த டிஜிட்டல் எடை மெஷின் ஒன்றை ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். அதை வாங்கிய மாதத்தில்தான் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஜிம்மில் சேர்ந்து, அதுவரை நடைப்பயிற்சியை மட்டுமே அறிந்திருந்த உடம்பை ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்சஸ் (ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது), டம்பெல் என்று வலுப்பயிற்சிக்குப் பழக்கத் தொடங்கினேன். ஆகவே மெஷினின் நிறைகுறைகளைச் சொல்வதோடு, புதிதாகப் பயிற்சி தொடங்கியவருக்கு முதல் சில வாரங்களில் அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

சேர்ந்த அன்று காலை 71.4 கிலோ இருந்தேன். இரண்டாம் வாரத்தின் நடுவில் அது 72.9 ஆகியிருந்தது. இத்தனைக்கும் காபியில் சர்க்கரையை நிறுத்தி, இரவுச் சோற்றைப் பாதியாக்கி, மாலை நேர பஜ்ஜி, முறுக்குப் பக்கமே போகாமல் இருந்த நாட்கள் அவை. போதாக்குறைக்கு, மெஷினோடு வந்த ஆப் தினமும் காலையில் சிவப்பு அம்புக்குறி போட்டு எடை கூடியிருப்பதை அறிவித்துக்கொண்டிருந்தது. காசு கட்டி எடையை ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று வீட்டில் கேலி வேறு. என்னோடு சேர்ந்த இருவர் அந்த மாதத்தோடு நின்றுகொண்டார்கள். எண் ஏறிக்கொண்டே போனதுதான் காரணம் என்று அவர்களே சொன்னார்கள்.

பயிற்சியாளரிடம் கேட்டதற்கு, “கொழுப்பு தசையா மாறுதுக்கா, கவலப்படாதீங்க” என்றார். ஆறுதலான பதில்தான், ஆனால் சரியான பதில் அல்ல. கொழுப்பும் தசையும் வெவ்வேறு திசுக்கள். ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. பத்துப் பதினைந்து நாளில் ஒன்றரை கிலோ தசை வளர்வதும் நடவாத காரியம். அதே சமயம், ஏறியது கொழுப்பாகவும் இருக்க முடியாது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், உடம்பு செலவழிப்பதற்கு மேல் அவ்வளவு கலோரியைக் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். தோசைக் கணக்கில் சொன்னால் ஐம்பதுக்குக் குறையாது. உணவைக் குறைத்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு அது எங்கிருந்து வரும்?

ஏறியது பெரும்பாலும் தண்ணீர்தான். அது உடம்பில் தங்குவதற்கான வழிகள் மூன்றையாவது தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பழக்கமில்லாத பயிற்சியால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்யும் வேலையில் அந்த இடத்தில் நீர் கோத்து லேசான வீக்கம் உண்டாகிறது. எடையைத் தாங்கிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கும் அசைவுகளில்தான் இந்தச் சேதம் அதிகம். லஞ்சஸ் செய்த மறுநாளைவிட அதற்கடுத்த நாள், மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொடை மரத்துப்போன அந்த நாட்களில்தான் மெஷினும் அதிகமாகக் காட்டியது.

இரண்டாவது வழி கிளைகோஜன். தொடர்ந்து வேலை வாங்கப்படும் தசைகள் மாவுச்சத்தைக் கிளைகோஜனாக முன்னைவிட அதிகமாகச் சேமித்துக்கொள்ளப் பழகுகின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்கும். சேமிப்பு 150 கிராம் கூடினாலே, நீரோடு சேர்த்து அரை கிலோவுக்கு மேல் கணக்கு வந்துவிடுகிறது. மூன்றாவது, பயிற்சியின் தொடக்கத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுவது. இதயத்துக்கும் வெப்பத்தைச் சமாளிப்பதற்கும் உதவும் மாற்றம் இது. ஆனால் நல்லது கெட்டது எதையும் மெஷின் பிரித்துப் பார்ப்பதில்லை.

உப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு என்று போகும் நம் இலையில் அது எளிதாகத் தாண்டிவிடும். ஞாயிறு மதியம் வெளியில் பிரியாணி சாப்பிட்டால் திங்கள் காலை 700, 800 கிராம் கூடுதலாகத் தெரிவதும், புதன்கிழமைக்குள் அது தானே இறங்கிவிடுவதும் எனக்கு வாடிக்கையாயிற்று. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் தேங்கும் நீர் தனி. அந்த வாரத்து எடையை முந்தைய மாதத்தின் அதே வாரத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்; முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டால் வீண் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும்.

இனி மெஷின். இதன் நான்கு கால்களிலும் எடையுணரிகள் இருக்கின்றன. நான்கும் சமமான, கெட்டியான தரையில் பதிந்தால்தான் சரியாகக் காட்டும். மிதியடி விரிப்பின் மேல் வைத்தால் எண் நம்பத்தகாததாகிவிடுகிறது. டைல்ஸ் தரையில்கூட இரு டைல்கள் சேரும் இடத்தில் ஒரு கால் ஏறி நின்றால் போதும், வித்தியாசம் வரும். அதனால் படுக்கையறை மூலையில் ஒரே டைலைக் குறித்து வைத்துக்கொண்டேன். முத்திரை உடைக்காத ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் பிடித்து ஏறிப் பார்த்தபோது சரியாக ஒரு கிலோ கூடியது. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஏறியபோது முதலில் காட்டிய எண்ணே மாறாமல் நின்றது. முந்தைய எடைக்கு மிக நெருக்கமான எடை மறுபடி ஏறினால் பழைய எண்ணையே திருப்பிக் காட்டும் வழக்கம் இவ்வகை மெஷின்கள் சிலவற்றில் உண்டு. நடுவில் ஐந்து கிலோ அரிசிப் பையை ஏற்றி இறக்கிவிட்டு மறுபடி நின்றபோது டம்ளரின் எடையும் தெரிந்தது. ‘எத்தனை முறை ஏறினாலும் ஒரே எண், துல்லியமான மெஷின்’ என்று பாராட்டி எழுதுகிறவர்கள் இதையும் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் வசதிதான் என்னைப் பொறுத்தவரை மிகவும் ஏமாற்றமளித்தது. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு உணரவே முடியாத அளவு மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு உடம்பு தரும் தடையை அளந்து, வயது, உயரம், பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சூத்திரத்தின் மூலம் கணிக்கப்படும் எண் அது. உடம்பிலுள்ள நீர்தான் மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதால் நீரின் அளவு மாறினால் எண்ணும் மாறும். எனக்கு ஒரே நாளில் காலையில் 33.8, மாலையில் 31.9 என்று காட்டியது. அதை நம்பினால் பத்து மணி நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் கொழுப்பு கரைந்திருக்க வேண்டும். பயிற்சியின் தொடக்கத்தில், நீர்நிலை தினமும் மாறிக்கொண்டிருக்கும்போது, அந்த எண்ணைப் பார்க்காமல் விடுவதே மேல். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மின்சாரம் செலுத்தும் இந்த வகை மெஷினில் ஏறவே கூடாது.

பயன்பட்டது வாரச் சராசரி. காலையில் எழுந்து கழிப்பறை சென்று வந்த பிறகு, தண்ணீர்கூடக் குடிக்காமல் தினமும் ஏறி, ஏழு நாள் எண்களின் சராசரியை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். தினசரி எண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோதும் சராசரி நான்காம் வாரத்துக்குப் பிறகு நிதானப்பட்டு, இரண்டாம் மாத முடிவில் தொடங்கிய இடத்துக்குச் சற்றே கீழே வந்தது. அதே நேரத்தில் தையல் டேப் வேறு கதை சொன்னது: 93 செ.மீ. இருந்த இடுப்பளவு 89 ஆகியிருந்தது. எடை ஏறக்குறைய அப்படியே இருந்த காலத்தில் நாலு சென்டிமீட்டர் போயிருக்கிறது! இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்ற இடுப்பளவு வரம்பை மருத்துவர்கள் முக்கியமாகக் கருதுவதால், இந்த அளவுக்கே நானும் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். இப்போது வாரச் சராசரி 66-ஐ ஒட்டி நிற்கிறது, இடுப்பு 82.

எல்லா எடையேற்றத்தையும் தண்ணீர் என்று ஆறப்போட்டுவிடவும் கூடாது. கால் வீக்கம், மூச்சிரைப்பு ஆகியவற்றோடு எடை சட்டென ஏறினாலும், கடும் தசைவலியோடு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றபடி, பேட்டரி வருடம் முழுவதும் தாக்குப்பிடித்தது. கண்ணாடியில் கீறல் இல்லை. எண்கள் கண்ணாடி அணியாமலே தெரிகின்றன. ஆப்பில் சிவப்பு அம்புக்குறியை நிறுத்த வழியில்லாததால் இரண்டாம் மாதத்திலேயே கைப்பேசியிலிருந்து அதை நீக்கிவிட்டேன். அடுத்து வாங்குவதானால், எடையை மட்டும் காட்டும் சாதாரண மெஷினையும் ஒரு தையல் டேப்பையும் வாங்குவேன்.