சி.ஆர். 1009-ஆ, சப்-1-ஆ: பள்ள வயலுக்கு எந்த விதை?

காவிரிக் கடைமடையில் பள்ள வயல் வைத்திருப்பவர்கள் சம்பாவுக்கு விதை எடுக்கும்போதெல்லாம் வரும் கேள்வி இது. சி.ஆர். 1009 என்பது பொன்மணி என்று சொல்கிற பழைய நெல் ரகம். சப்-1 என்பது அதிலேயே வெள்ளம் தாங்கும் குணத்தைச் சேர்த்த ரகம். நாங்கள் பள்ளத்துக்கு சப்-1க்கு மாறிவிட்டோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

ஒத்துப்போகிற விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். இரண்டுக்கும் வயது ஐந்து மாதத்துக்குச் சற்று மேல். இரண்டும் குண்டு நெல், இட்லிக்குப் போகும். கொள்முதல் நிலையத்தில் இரண்டும் பொது ரகம். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். சப்-1 என்பதற்காக ஒரு பைசா கூடாது, குறையாது. வெள்ளம் இல்லாத வருஷத்தில் மகசூலிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் பயிர் மூழ்கும்போதுதான் தெரியும். பழைய பொன்மணி, அதாவது சி.ஆர். 1009, தண்ணீருக்கு மேலே தலைகாட்டத் தண்டை நீட்டி, இருப்பில் உள்ள சத்தைத் தீர்த்துவிடும். வடிந்த பிறகு எழுந்து நிற்க அதற்குத் தெம்பு இருக்காது. சப்-1 வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும், வடிந்ததும் குருத்து விடும். இரண்டு வாரம் வரை தாங்கும் என்கிறார்கள். எங்கள் வயல் முழுசாக மூழ்கிக் கிடந்தது அதைவிடக் குறைந்த காலம்தான், அதற்குத் தாங்கியது.

இந்தக் குணம் வந்த வழி சுவையானது. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எப்.ஆர். 13ஏ என்ற ரகம் வெள்ளத்தைத் தாங்கும், ஆனால் விளைச்சல் சுமார். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, அதன் தாங்கும் சக்திக்குக் காரணமான மரபணுவை 2006இல் அடையாளம் காட்டினார்கள். அப்புறம் அதை ஸ்வர்ணா, சி.ஆர். 1009 போன்ற ரகங்களில் சேர்த்தார்கள். தாய் ரகத்தோடே திரும்பத் திரும்ப ஒட்டுக்கட்டி, அந்த ஒரு குணம் வந்திருக்கிறதா என்று டி.என்.ஏ. பார்த்துத் தேர்ந்தெடுக்கிற முறை அது. மரபணு மாற்றுப் பயிர் என்று சிலர் பயப்படுகிறார்கள், அது சரியில்லை.

இனி நான் முக்கியமாக நினைப்பது: விதைச் சுத்தம். இரண்டு ரகமும் வயலில் நிற்கும்போது கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது. களத்தில் நெல்லைக் கையில் எடுத்துப் பார்த்தும் சொல்ல முடியாது. “சப்-1தான்” என்று பக்கத்து ஊரில் வாங்கிய மூட்டையில் பாதி பழைய பொன்மணியாக இருந்தால், வெள்ளம் வந்து பாதி வயல் அழுகிய பிறகுதான் தெரியவரும். “சப்-1 போட்டும் போயிடுச்சு” என்ற புலம்பல்களில் ஒரு பங்கு இப்படி வந்தது என்பது என் அனுமானம். வேளாண் விரிவாக்க மையத்தில் நீல அட்டையோடு வரும் சான்று விதையை வாங்குங்கள். வீரிய ஒட்டு இல்லை என்பதால் அறுவடையிலிருந்து விதை எடுத்து வைக்கலாம். ஆனால் மேட்டு வயலில் பொன்மணி போட்டிருந்தால் களமும் சாக்கும் தனியாக இருக்க வேண்டும், அறுவடை இயந்திரத்தையும் முதலில் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். இந்தத் தொல்லைக்கு முடியாதவர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை புது விதைக்குப் போய்விடுவது நல்லது.

சப்-1 கைகொடுக்காத இடங்களும் உண்டு. நேரடி விதைப்பில் முளைக்கும் நேரத்தில் தண்ணீர் தேங்கினால் இந்தக் குணம் உதவாது. பூக்கிற பருவத்தில் மூழ்கினாலும் காப்பாற்றாது. வடிகால் இல்லாமல் அரை ஆள் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிற வயலுக்கும் இது மருந்தில்லை. அங்கே வடிகாலைத் தூர்வாரத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மேட்டு வயலில் நாங்கள் இன்னும் பழைய பொன்மணியே போடுகிறோம். அங்கே தண்ணீர் ஏறுவதில்லை, வீட்டு விதையும் கையில் இருக்கிறது.