“என்கிற” பெயரைப் பிடித்துக் கொடுத்த தளம்: பி.ஆர்.டி.ஹெச். பற்றி என் அனுபவம்

என் மனைவி கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரி. மாமியாரின் 70-வது பிறந்தநாளுக்குள் அவருடைய அம்மா வழிக் குடும்பத்தைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ராத்திரி ராத்திரியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். முதலில் காசு கட்டியது எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு பெரிய தளத்துக்கு. தெஷேன் என்ற குடும்பப்பெயரை வைத்துக்கொண்டு 1800 வாக்கு வரைக்கும் போனோம், அதற்கு மேல் ஆளே இல்லை. யாரோ போட்டிருந்த வம்சாவளியில் தாயைவிட மகள் மூத்தவள், அதையே பத்துப் பேர் அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். வயிறு எரிந்தது.

அப்புறம்தான் பி.ஆர்.டி.ஹெச். பக்கம் வந்தோம். மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1966-ல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் இது. கியூபெக் கத்தோலிக்கப் பங்குகளின் (அதாவது தேவாலய வட்டாரங்களின்) பதிவேடுகளில் 1621 முதல் 1849 வரை இருக்கும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் எடுத்து, யார் யாருக்குப் பிள்ளை என்று கோத்து வைத்திருக்கிறார்கள். ஒரு தம்பதியின் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் அங்கேயே இருப்பார்கள், பெற்றோர் பெயரைத் தட்டினால் அடுத்த தலைமுறை.

எங்கள் சிக்கல் அவிழ்ந்தது பெயரில். பழைய பதிவுகளில் ‘மிவில் தி தெஷேன்’ என்று வரும். பிரெஞ்சில் ‘தி’ என்றால் நம் ‘என்கிற’தான். 1665-ல் பிரான்சிலிருந்து வந்த கரின்யான்-சாலியேர் படையின் சிப்பாய்களில் பலருக்கு இப்படிப் பட்டப்பெயர் இருந்தது: லாஃப்ளர் என்றால் பூ, சான்சூசி என்றால் கவலை இல்லாதவன். படைக்குச் சம்பந்தமில்லாத குடும்பங்களிலும் இது உண்டு. அண்ணன் பிள்ளைகள் ஒரு பெயரையும் தம்பி பிள்ளைகள் இன்னொன்றையும் வைத்துக்கொள்வார்கள், ஒரே ஆள் கல்யாணத்தில் ஒன்றாகவும் அடக்கத்தில் இன்னொன்றாகவும் இருப்பார். தெஷேன் என்று மட்டும் தேடினால் மிவில் எப்படிக் கிடைப்பார்? இந்தத் தளத்தில் எந்தப் பெயர் எதோடு சேரும் என்று பட்டியலே இருக்கிறது. அதைப் பார்த்த அரை மணி நேரத்தில் மூன்று தலைமுறை மேலே போய்விட்டோம்.

பெண்களைத் தேடும்போது கணவன் பெயரைப் போடாதீர்கள். அந்தக் காலத்துப் பாதிரியார்கள் பெண்ணை அவள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதினார்கள், அடக்கம் வரைக்கும். (1981-லிருந்து கியூபெக் சட்டமே அப்படித்தான், கல்யாணமானாலும் பிறந்த பெயர்தான்.) பெண் குழந்தை என்றால் முன்னால் மரி, ஆண் என்றால் ஜோசப் என்று சேர்ப்பது வழக்கம், கூப்பிடும் பெயர் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பதும் உண்டு, அதனால் அடக்கப் பதிவையும் பார்த்துவிடுங்கள்.

காசு விஷயம்: காசு கட்டினால் இத்தனை பக்கம் திறக்கலாம் என்று ஒரு கணக்கு கொடுப்பார்கள், திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதில் ஒன்று குறையும், எனவே எதைத் திறந்தோம் என்று நோட்டில் குறித்து வைப்பது நல்லது. பதிவேட்டின் படம் வேண்டுமென்றால் ட்ரூவேன் நிறுவனத்தின் ‘ஜெனியாலஜி கெபெக்’ தளத்துக்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். கட்டுங்கள். 1849-க்குப் பிந்தைய தலைமுறைகளுக்கும் அதுதான் கை கொடுக்கும்.

நாங்கள் கட்டியதால்தான் லா பொகாத்தியேர் பங்கின் ஒரு கல்யாணப் பதிவைப் பார்க்க முடிந்தது. மை ஊறிப் பழுப்பேறிய பக்கம். மாமியார் திரையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார், மிவிலுக்கும் தெஷேனுக்கும் நடுவே நெருக்கி எழுதிய அந்த ‘தி’யில் விரல் நின்றுவிட்டது. கடைசி வரியில், மணமக்கள் தங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொன்னதாகப் பாதிரியார் எழுதியிருந்தார். கீழே அவருடைய கையெழுத்து மட்டும். மாமியார் அழுதுவிட்டார்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். இப்போது அப்பா வழியையும் தேடச் சொல்கிறார், அதற்கும் இங்கேதான் காசு கட்டப் போகிறோம்.