ஆறாம் வகுப்புக்கு எந்த அரசுப் பள்ளி? பெரம்பலூர்ப் பக்கத்துக் கணக்கு

பெரம்பலூர் மாவட்டத்தில் பள்ளிகளை ஒப்பிடத் தேர்ச்சி விகிதம் உதவாது. 2022 பிளஸ் டூ தேர்வில் 97.95 சதவீதம், மாநிலத்தில் முதலிடம். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 97.67, அதிலும் முதலிடம். ரயில் பாதையே இல்லாத, மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற நாலு ஒன்றிய மாவட்டத்துக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் நாற்பது பேர் எழுதும் பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை கோட்டை விட்டால் 97.5. அந்த ஒரு பிள்ளையை வைத்து ‘இந்தப் பள்ளி நல்லது, அந்தப் பள்ளி சுமார்’ என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா?

அதனால் வேறு கணக்குப் போட வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள்: உள்ளூரில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, பஸ் ஏறிப் போகும் அரசு மேல்நிலைப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி.

நடுநிலைப் பள்ளியின் பலம் பக்கத்தில் இருப்பதுதான். மேல்நிலைப் பள்ளி என்றால் பதினோரு வயதுப் பிள்ளை ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பஸ் பாஸ் இலவசம், சரி. பஸ் நேரத்துக்கு வர வேண்டுமே. காலை உணவுத் திட்டமும் 1 முதல் 5 வரைக்கும் என்றே தொடங்கப்பட்டது. காட்டு வேலைக்கு விடியலிலேயே கிளம்பும் அம்மா, ஆறாம் வகுப்பிலிருந்து அதற்கும் முன்னால் அடுப்புப் பற்றவைக்க வேண்டும்.

பலவீனம் ஆசிரியர் எண்ணிக்கையில். 6 முதல் 8 வரை கணிதம், அறிவியல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஆசிரியர் இருந்தாலே கல்வி உரிமைச் சட்டத்தின் விதிக்குப் போதும். அந்த ஒருவர் கெட்டிக்காரர் என்றால் பிள்ளை பிழைத்தது. அவர் பயிற்சிக்கும் கணக்கெடுப்புக்கும் போய்விடுகிறவர் என்றால் இரண்டு பாடமும் சேர்ந்து படுத்துவிடும். மேல்நிலைப் பள்ளியில் பாடத்துக்கு ஒருவர் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கே எல்லார் கண்ணும் பத்திலும் பன்னிரண்டிலும்தான். ஆறாம் வகுப்பைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. என் கட்சி இது: உள்ளூரில் கணக்கு வாத்தியார் நன்றாக இருந்தால் எட்டு வரை அங்கேயே விடுங்கள். இல்லையென்றால் ஆறிலேயே பஸ் ஏற்றிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே பத்தோடு நிற்கும் உயர்நிலைப் பள்ளிக்கு, தூரம் மிச்சமாகிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

உதவிபெறும் பள்ளிதான் பலரையும் குழப்புகிறது. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது, பாடநூல், சத்துணவு, பிளஸ் ஒன்னில் சைக்கிள் எல்லாம் உண்டு. பார்த்தால் அரசுப் பள்ளி மாதிரியே இருக்கும். ஆனால் 2020இல் வந்த 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஒன்றியப் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் இதில் சேரும், உதவிபெறும் பள்ளி சேராது. ஏழாம் வகுப்பை மட்டும் அங்கே படித்துவிட்டுத் திரும்பினாலும் ஒதுக்கீடு போச்சு. பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகும்போது கிடைக்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் உதவிபெறும் பள்ளியில் படித்தவருக்கும் உண்டு. ஆனால் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஒழுங்கு, கண்டிப்பு என்று இந்தப் பள்ளிகளுக்கு இருக்கும் பேரை நான் மறுக்கவில்லை. அதற்காக இவ்வளவு விட்டுக்கொடுக்கலாமா என்பதை ஆறாம் வகுப்பிலேயே யோசிக்க வேண்டும், பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகல்ல.

அப்புறம் பயிற்று மொழி. மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவு இருந்தால் அதில்தான் கூட்டம். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்குப் பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும் என்பதைச் சேர்க்கை நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. பிள்ளையை அரசு வேலைக்குத் தயார் செய்யும் எண்ணம் இருந்தால் பிரிவு மாற்றும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் மாதிரிப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஆறுக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பள்ளியைப் பார்க்கப் போனால் ஸ்மார்ட் கிளாஸைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் அறைச் சுவரில் இருக்கும் கால அட்டவணைக்கு வாருங்கள். பிளஸ் டூ இயற்பியலுக்கு நேராக யார் பெயர்? நிரந்தர ஆசிரியரா, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தொகுப்பூதியத்தில் வந்தவரா? உயிரியல், கணிதம் சேர்ந்த முதல் குரூப் இருக்கிறதா, வணிகவியலும் தொழிற்கல்வியும் மட்டும்தானா? ஒரே பெயர் இரண்டு பாடத்துக்கு எதிரே இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்டால் மறைக்க மாட்டார்கள், ஆள் இல்லாத கஷ்டம் அவர்களுக்கும்தான். இடமாறுதல் கலந்தாய்வு முடிந்த பிறகு இன்னொரு தடவை போய்ப் பார்ப்பது நல்லது. நீங்கள் நம்பிச் சேர்த்த அந்தக் கணக்கு வாத்தியார் அதில் வேறு ஒன்றியத்துக்குப் போயிருக்கலாம்.