ஒரே ஜாயினா, தனித்தனிக் குவெரியா? ஒரு கடன் கொப்பி சொன்ன கணக்கு

திருக்கோணமலையில் மீன்பிடிச் சாமான் விற்கும் ஒரு கடைக்கு வாடிக்கையாளர் தரவுத்தளம் எழுதிக் கொடுத்தேன். வலை, கயிறு, எஞ்சின் உதிரிப்பாகம் எல்லாம் பெரும்பாலும் கடனில்தான் போகும். வாடைக் காலத்தில் கடன் ஏறும். கடல் அடங்கித் தொழில் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதுவரை முதலாளியிடம் இருந்தது ஒரு கடன் கொப்பி. சம்மாட்டிக்கு, அதாவது படகு உரிமையாளருக்கு, ஒரு பக்கம். இடப்புறம் எடுத்த சாமான், வலப்புறம் கட்டிய காசு.

அந்தக் கொப்பியை அப்படியே மொங்கோடிபி என்ற ஆவணவகைத் தரவுத்தளத்தில் ஏற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வாடிக்கையாளருக்கு ஓர் ஆவணம்; படகு, பில், வரவு எல்லாம் அதற்குள். முழுப் பக்கமும் ஒரே தடவையில் வந்துவிடும். ஓர் ஆவணம் 16 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இந்தக் கடையை எட்டிக்கூடப் பார்க்காது. யோசனையைக் கெடுத்தது படகு விற்பனை. படகு கைமாறும், பழைய கடன் பழையவர் தலையிலேயே நிற்கும். படகைப் புதியவரின் ஆவணத்துக்கு மாற்றினால், அதற்குள் கிடக்கும் பில்களும் கூடவே போய்விடும்.

ஆகவே வாடிக்கையாளர், படகு, பில், வரவு என நான்கு அட்டவணைகள். பில்லில் படகின் எண்ணோடு வாங்கியவரின் எண்ணையும் எழுதினேன். படகு வழியாக இன்றைய உரிமையாளரைத் தேடிப் பிடித்தால் வடிவமைப்பு அழகாகத்தான் இருக்கும், கடன்தான் ஆள் மாறிவிடும்.

வாடிக்கையாளரைப் பிரித்தறியும் சாவியாக அடையாள அட்டை எண்ணை வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வரும் அட்டையில் 12 இலக்கம். அட்டை மாற்றியவர் இரண்டு ஆளாகிவிடுவார். தானாக ஏறும் எண்ணே போதும்.

இனி உண்மையான போட்டி: தொடர்புடைய பதிவுகளை எப்படி எடுப்பது?

சோம்பேறி வழி, வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் பில்லைத் தனியாகக் கேட்பது. தரவுத்தளத்திடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு குவெரி; 240 பேர் என்றால் 241 குவெரி. எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் கடைக் கணினியிலேயே இருந்தவரை இது ஒரு குறையாகவே தெரியவில்லை. அங்கே சின்னச் சின்னக் குவெரிகளுக்குச் செலவு மிகக் குறைவு. பிறகு முதலாளி, "தம்பி, போனிலயும் பாக்கலாமெண்டா நல்லாயிருக்கும்" என்றார். தரவுத்தளம் வெளிநாட்டுச் சேர்வருக்குப் போனது. ஒரு குவெரி போய்வர 50 மில்லிசெக்கன் என்று வைத்தாலும் 12 செக்கன். கடைக்கு வந்த ஆள் அவ்வளவு நேரம் நிற்கமாட்டார்.

அதற்கு மருந்தென்று எல்லாவற்றையும் ஒரே ஜாயினில், அதாவது அட்டவணைகளை இணைத்துக் கேட்கும் ஒரே குவெரியில், போட்டேன். நான் செய்ததிலேயே பெரிய மடத்தனம் அதுதான். ஒரு சம்மாட்டிக்கு மூன்று பில்: 12,000, 8,000, 5,000. கட்டியது இரண்டு தடவை: 10,000, 5,000. மீதி 10,000 என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் பில்லையும் வரவையும் ஒரே வாடிக்கையாளரோடு சேர்த்து இணைத்தால், மூன்றை இரண்டால் பெருக்கி ஆறு வரி வரும். பில் கூட்டுத்தொகை 50,000, வரவு 45,000, மீதி 5,000. கடனைக் கூட்டிக் காட்டியிருந்தால் சம்மாட்டி அன்றைக்கே கடை வாசலில் நின்றிருப்பார். குறைத்துக் காட்டியதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பிடித்துக் கொடுத்தது பழைய கொப்பிதான்.

இன்னொன்று: சும்மா ஜாயின் என்று எழுதினால், ஒரு சதம்கூடக் கட்டாதவர் பட்டியலிலேயே வரமாட்டார். கடைக்காரர் முதலில் தேடுவது அந்த ஆளைத்தான். வரவு இல்லாதவரையும் விடாமல் காட்டும் லெஃப்ட் ஜாயின் வேண்டும்.

இப்போது ஓடுவது மூன்றாவது வழி. வாடிக்கையாளர்களை ஒரு குவெரியில் எடுத்து, அவர்களுடைய எண்களைக் கொடுத்துப் பில்களை இரண்டாவதில், வரவுகளை மூன்றாவதில் எடுப்பது. 241 மூன்றானது, வரிகள் பெருகவும் இல்லை. பைதான் மொழியின் ஜாங்கோ கட்டமைப்பில் ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் செய்வது இதையே. அதிலுள்ள செலக்ட் ரிலேட்டட் ஜாயின் போடும், ஆனால் பில்லிலிருந்து வாடிக்கையாளருக்குப் போவதுபோல ஒருவரை நோக்கிய உறவுக்கு மட்டும். நிலுவைத் தொகை மட்டும் போதுமென்றால் ஒரே குவெரியும் சரிதான். பில்லைத் தனியாக, வரவைத் தனியாகக் கூட்டிய பிறகு இணைக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி, ஃபாரின் கீக்கு (வேறோர் அட்டவணையின் வரியைச் சுட்டும் களத்துக்கு) விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸைத் தானே போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரஸில் பில் பக்கத்து இன்டெக்ஸை நாம்தான் போட வேண்டும்.

அழிப்பதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. கேஸ்கேட் வைத்தால் வாடிக்கையாளரை நீக்கியதும் அவருடைய பில்களும் சத்தமில்லாமல் போய்விடும். ரெஸ்ட்ரிக்ட் வைத்தால் தரவுத்தளமே தடுக்கும். எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ சோதனை பொதுவாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நாம் முடுக்க வேண்டும்; இது தெரியாமல் ரெஸ்ட்ரிக்ட் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய நாள்கள் எனக்கும் உண்டு. முதலாளியோ, கணக்கு முடிந்த சம்மாட்டியின் பக்கத்தைக் கிழிக்கமாட்டார், குறுக்கே ஒரு கோடு போடுவார். வாடிக்கையாளர் அட்டவணையில் நானும் 'செயலில் இல்லை' என்று ஒரு களம் சேர்த்துவிட்டு, நீக்கும் பொத்தானைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன்.