குதிரை கூடினால் விற்பனை கூடுமா? இசட், சூப்ரா, ஜிஆர்86, எம்எக்ஸ்-5

எந்த ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதல் கேள்வி "எத்தனை எச்பி?", அதாவது எத்தனை குதிரைத்திறன், என்பதுதான். சரி, அதிலேயே தொடங்குவோம். அமெரிக்கச் சந்தையில் நிசான் இசட் 400, டொயோட்டா ஜிஆர் சூப்ரா 382, டொயோட்டா ஜிஆர்86 228, மாஸ்டா எம்எக்ஸ்-5 வெறும் 181. இப்போது 2024-இல் அதே அமெரிக்காவில் இவை விற்ற எண்ணிக்கையைப் பாருங்கள்: ஜிஆர்86 சுமார் 11,400, எம்எக்ஸ்-5 சுமார் 8,100, இசட் 3,100 சொச்சம், சூப்ரா 2,600 சொச்சம். பட்டியல் கிட்டத்தட்டத் தலைகீழாகிவிட்டது.

இதற்கு முக்கியக் காரணம் விலை என்று யாரும் சொல்லிவிடலாம், அது உண்மையும்கூட. ஜிஆர்86-உம் எம்எக்ஸ்-5-உம் 30,000 டாலரை ஒட்டித் தொடங்குகின்றன, இசட் 43,000-ஐ ஒட்டி, ஆறு சிலிண்டர் சூப்ராவோ 55,000-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைக்கும் குதிரைகளில் கணிசமான பங்கு, காரின் சொந்த எடையை இழுக்கவே போய்விடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எம்எக்ஸ்-5 சுமார் 1,070 கிலோ, ஜிஆர்86 ஏறக்குறைய 1,280, சூப்ரா 1,540, இசட் 1,580. டன்னுக்கு எத்தனை எச்பி என்று வகுத்தால் எம்எக்ஸ்-5-க்கு 170, இசட்டுக்கு 250. காகிதத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் தெரிந்த இடைவெளி ஒன்றரை மடங்குக்குள் சுருங்கிவிடுகிறது.

ஜிஆர்86 விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பவரை எங்கே கூட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. முந்தைய தலைமுறையில் சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் 2.0 லிட்டர் பாக்ஸர் இன்ஜின், 200 எச்பி. குறை எச்பியில் இல்லை. இன்ஜின் சுழற்சி நிமிடத்துக்கு 3,500-ஐ (ஆர்பிஎம்) தாண்டினால் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை, ஒரு பள்ளத்தில் விழும். வளைவை முடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்தமாதிரி நிற்கும், 4,500-ஐத் தாண்டிய பிறகுதான் மறுபடி விழித்துக்கொள்ளும். உச்ச டார்க் வருவதே 6,400 ஆர்பிஎம்மில். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவைப் போடுங்கள் என்று கத்தாத ரசிகர் இல்லை. இந்தக் காரைச் சேர்ந்து உருவாக்கிய டொயோட்டாவும் சுபாருவும் டர்போ போடவில்லை, இன்ஜினை 2.4 லிட்டராக்கினார்கள். எச்பி 228-க்குத்தான் ஏறியது, ஆனால் 250 நியூட்டன் மீட்டர் டார்க் 3,700 ஆர்பிஎம்மிலேயே கைக்கு வந்துவிட்டது. அந்தப் பள்ளம் போயே போய்விட்டது. விலையும் எடையும் பெரிதாக ஏறவில்லை. விற்பனை இன்று நிற்கும் இடத்துக்கு அந்த முடிவுதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

மாஸ்டா இன்னும் நுணுக்கமாக வேலை செய்தது. 2019 மாடலில் எம்எக்ஸ்-5-இன் 2.0 லிட்டர் இன்ஜின் 155-இலிருந்து 181 எச்பிக்கு வந்தது. டர்போ கிடையாது. பிஸ்டன் ஒவ்வொன்றிலும் 27 கிராம், கனெக்டிங் ராடு ஒவ்வொன்றிலும் 41 கிராம் குறைத்தார்கள், காற்று உள்ளே வரும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் அகலமாக்கினார்கள். இன்ஜின் சுழலக்கூடிய உச்ச வரம்பான ரெட்லைன் 6,800-இலிருந்து 7,500-க்கு ஏறியது. கிராம் கணக்கில் எடையை வழித்தெடுத்து ஓர் இன்ஜினை உயரமாகப் பாட வைக்கிறார்கள் என்றால் அந்தப் பொறியாளர்களுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 2016 ஏப்ரலில் வெளிவந்தது. ஜிஆர்86-உம் சூப்ராவும் அந்த எண்ணிக்கையைக் கனவு காணத்தான் முடியும்.

அப்புறம் இசட். இன்ஜின் அருமை: இரட்டை டர்போ, 3.0 லிட்டர் வி6, 475 நியூட்டன் மீட்டர் டார்க் 1,600 ஆர்பிஎம்மிலேயே முழுசாகத் தயார். மேனுவல் கியரும் உண்டு. ஆனால் அடித்தளம் பழைய 370இசட்டின் வழி வந்தது, எடையில் அது தெரிகிறது. புகை விதிகள் காரணமாக ஐரோப்பாவுக்குப் போகவே இல்லை. இதில் எனக்கு மிகவும் வலித்தது நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோவின் பெயரில் வந்த பதிப்பு. 420 எச்பி, இறுக்கமான சஸ்பென்ஷன், எல்லாம் கொடுத்துவிட்டு, அறிமுகத்தில் ஆட்டோமேட்டிக் கியர் மட்டும்தான். அந்தக் காருக்காகச் சேமிக்கிறவர்கள் கிளட்ச் மிதிக்க விரும்புகிறவர்கள், அவர்களையே திருப்பி அனுப்பினால் எப்படி?

சூப்ராவின் கதை வேறு. பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் இன்ஜின், ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பிஎம்டபிள்யூவின் இசட்4 காருடன் சேர்ந்து தயாரிப்பு. ஓட்டத்தில் நால்வரில் இதுதான் வேகம், சந்தேகமே இல்லை. 2021-இல் அமெரிக்காவில் 6,800 விற்றது. ஆனால் வாங்கத் துடித்தவர்கள் வாங்கி முடித்ததும் வரிசை காலியாகிவிட்டது. ரசிகர்கள் கேட்ட மேனுவல் கியர் 2023 மாடலில்தான் வந்தது, அதற்குள் சூடு ஆறிவிட்டது. 2026 மார்ச்சோடு தயாரிப்பு முடிவதாக டொயோட்டா அறிவித்தது. 90-களின் சூப்ராவுக்கும் இதே கதிதான்: அமெரிக்காவில் 320 எச்பி இருந்தும் யென் மதிப்பு ஏறி விலை எகிற, 1998-இல் அங்கே விற்பனை நின்றது.

விதிகளும் குறுக்கே நிற்கின்றன என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பிரிட்டனுக்கு ஒதுக்கிய முதல் தொகுதி ஜிஆர்86 ஒன்றரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது. ஆனாலும் புதிய பாதுகாப்பு விதிகளால் ஐரோப்பாவில் அந்த காரை 2024-க்கு மேல் விற்க முடியவில்லை. வாங்க ஆள் இருக்கிறது, வண்டி இருக்கிறது, விற்க வழியில்லை.

இந்த வரிசையில் புதிதாக வந்திருக்கும் ஹோண்டா பிரெலூட் என் கணக்கைக் கொஞ்சம் குழப்புகிறது. ஹைப்ரிட், 200 எச்பி, மேனுவல் கியர் இல்லை, அமெரிக்காவில் விலை 42,000 டாலர், அதாவது 400 எச்பி இசட்டின் பக்கத்து இருக்கை. அங்கே இது ஓடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஜப்பானில் மாதம் 300 என்று இலக்கு வைத்தார்கள், முதல் மாதத்திலேயே 2,000-க்கும் மேல் முன்பதிவு வந்தது. 2001-இல் நின்றுபோன பெயரை இளமையில் ஓட்டியவர்கள் இப்போது கையில் பணத்தோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு எச்பி கணக்கு தேவையே இல்லை. அவர்கள் வாங்கி முடித்த பிறகு, இரண்டாம் ஆண்டில் என்ன எண்ணிக்கை வருகிறது என்பதைத்தான் நான் பார்க்கக் காத்திருக்கிறேன்.