பழைய கணினியில் ஃபயர்வால்: கரண்ட் கணக்கு போட்டுப் பார்த்த பிறகு

பரணில் கிடக்கும் பழைய கணினியை வீட்டு இணையத்துக்கு வாசல் காவலாக நிறுத்த நான்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன: பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், ஐபிஃபயர், ஓபன்டபிள்யுஆர்டி. சென்னையில், ராயபுரத்தில் என் வீட்டிலும் திருவொற்றியூரில் அம்மா வீட்டிலும் இந்த வேலையைச் செய்தேன். இரண்டு வீட்டிலும் முடிவைத் தீர்மானித்தது மென்பொருளின் வசதிப் பட்டியல் அல்ல, மின்சாரம்தான்.

இப்படி வாசலில் நிற்கும் கணினிதான் வீட்டு ரவுட்டர், அது இரவும் பகலும் ஓட வேண்டியது. பழைய மேசைக்கணினி ஒன்று சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 60 நாளில் 86 யூனிட் ஆகிவிடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு நமக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டை அந்த ஒரு பெட்டியே ஏறக்குறைய விழுங்கிவிடும். 15 வாட்டில் ஓடும் மடிக்கணினி என்றால் 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். அதனால் எதை நிறுவலாம் என்று யோசிக்கும் முன் எந்த இயந்திரத்தை ஓடவிடலாம் என்று பாருங்கள். இயந்திரம் முடிவானால் மென்பொருளில் பாதித் தேர்வும் முடிந்த மாதிரிதான்.

பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் ஒரே குடும்பம். 2004இல் மோனோவால் என்ற திட்டத்திலிருந்து பிஎஃப்சென்ஸ் கிளைத்தது. அதிலிருந்து பிரிந்த ஓபிஎன்சென்ஸின் முதல் வெளியீடு 2015 ஜனவரியில் வந்தது. இரண்டுக்கும் அடித்தளம் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். இங்கேதான் பழைய கணினிக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி இன்டெல் நெட்வொர்க் கார்டுகளோடு நன்றாக ஒத்துப்போகும். மலிவான போர்டுகளில் இருக்கும் ரியல்டெக் சிப்புகளோடும் யுஎஸ்பி அடாப்டர்களோடும் அவ்வளவு நிம்மதி கிடைக்காது. ரவுட்டருக்கு இணையம் வர ஒரு போர்ட், வீட்டுக்குக் கொடுக்க ஒரு போர்ட் என இரண்டு வேண்டும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பழைய இன்டெல் கார்டு தேடிக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். வாங்கும் முன் அது வேகம் குறைந்த 10/100 கார்டா, அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட் கார்டா என்று திருப்பிப் பாருங்கள்.

இந்த இரண்டில் என் ஓட்டு ஓபிஎன்சென்ஸுக்கு. விளம்பரத் தளங்களையும் தீய தளங்களையும் தடுக்கும் பட்டியல் தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் அதன் டிஎன்எஸ் பகுதியிலேயே இருக்கிறது. பிஎஃப்சென்ஸில் அதற்குத் தனித் தொகுப்பு ஒன்றை நிறுவ வேண்டும். ஓபிஎன்சென்ஸில் ஜனவரியிலும் ஜூலையிலும் பெரிய வெளியீடு வருகிறது, இடையில் சின்னத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டைக் காக்கும் பொருளுக்கு இந்த ஒழுங்கு வேண்டும். பிஎஃப்சென்ஸுக்குக் கையேடுகளும் விளக்கங்களும் மலைபோல் குவிந்திருக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். அலுவலகத்தில் அதைப் பழகியவர்கள் அதிலேயே இருக்கலாம். எதுவானாலும் நிறுவும்போது கோப்பு முறையாக இசட்எஃப்எஸ் தேர்ந்தெடுங்கள். சட்டென்று அணைந்தாலும் கோப்புகள் எளிதில் கெடாது என்பதால், சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகும் ஊரில் அது பெரிய துணை. நினைவகம் (ரேம்) 4 ஜிபியாவது வேண்டும். ஊடுருவலைக் கண்காணிக்கும் சுரிகாட்டாவையும் ஓட விடுவதாக இருந்தால் 8 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபிஃபயர் லினக்ஸில் ஓடுவது. சிவப்பு என்றால் இணையம், பச்சை என்றால் வீடு, நீலம் என்றால் வைஃபை என்று வண்ணம் வண்ணமாகப் பிரித்துக் காட்டும். ஃபயர்வால் என்றால் என்னவென்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆனால் அதன் 2 வரிசை ஐபிவி4 என்ற பழைய இணைய முகவரி முறையை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் இணைப்புகள் பெருகிவிட்ட நிலையில் எனக்கு முகவரிப் பஞ்சம் இல்லாத புதிய முறையான ஐபிவி6 வேண்டும். அதனால் விட்டுவிட்டேன்.

ஓபன்டபிள்யுஆர்டி சின்ன ரவுட்டர்களுக்காகப் பிறந்தது, சாதாரணக் கணினியிலும் ஓடும். பத்து வருட மடிக்கணினிக்கு இதுதான் சரி. லினக்ஸ் என்பதால் யுஎஸ்பி அடாப்டரை இரண்டாவது போர்ட்டாகப் போட முடிகிறது. மூல அமைப்பு எழுத முடியாத பகுதியில் இருப்பதால் திடீர் மின்தடையில் எளிதில் குலையாது. மடிக்கணினியின் பேட்டரி கொஞ்சமாவது உயிரோடு இருந்தால் அதுவே யுபிஎஸ். குறையும் உண்டு. 500 ஜிபி வட்டில் நிறுவினாலும் சுமார் 100 எம்பி இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், மீதியை நாமே விரிக்க வேண்டும். பதிப்பு மாற்றும்போது, கூடுதலாகச் சேர்த்த தொகுப்புகள் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, ராயபுரத்தில் இன்வெர்ட்டரோடு இருக்கும் சிறிய அலுவலக மேசைக்கணினியில் ஓபிஎன்சென்ஸ். திருவொற்றியூரில் மடிக்கணினியில் ஓபன்டபிள்யுஆர்டி. இரண்டு இடத்திலும் பழைய வைஃபை ரவுட்டரைத் தூக்கிப் போடவில்லை. சாதனங்களுக்கு முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, லேன் போர்ட்டில் கேபிளைச் செருகி, வைஃபை தருவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று கார்டின் தொடுமுனைகளை அரித்துவிடும். பெட்டியை ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் இன்வெர்ட்டரும் தீர்ந்து எல்லாம் அணைந்தது. கரண்ட் வந்தும் கணினி எழவில்லை. கையால் எழுப்பினால், ஒரு தளமும் திறக்கவில்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் வந்ததும் தானே எழ வேண்டும் என்று பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) நான் வைத்த அமைப்பு அழிந்துவிட்டது. கடிகாரமும் பல வருடம் பின்னால் போயிருந்தது. டிஎன்எஸ் பதில்கள் போலியா என்று கையொப்பம் பார்த்துச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக்கை நான் இயக்கி வைத்திருந்தேன். தேதி தவறாக இருந்ததால் அது எல்லாப் பெயர்களையும் போலி என்று ஒதுக்கியது. நேரத்தைத் திருத்த நேரச் சேவையகத்தின் பெயரைத் தேட வேண்டும், அந்தப் பெயரும் கிடைக்கவில்லை. தேதியைக் கையால் திருத்திய பிறகுதான் வீட்டில் இணையம் வந்தது. இப்போது எந்தப் பழைய கணினியைத் திறந்தாலும் முதலில் அந்த பேட்டரியை மாற்றிவிடுகிறேன்.