டி.என்.ஏ.வின் எழுத்துக் கலவையைக் கண்ணால் காண: யுசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம் (யுசிஎஸ்சி) 2000ஆம் ஆண்டில் மனித ஜீனோமின் (முழு டி.என்.ஏ. தொகுப்பின்) முதல் வரைவை இணையத்தில் வெளியிட்டது. அதையொட்டி உருவான இந்த ஜீனோம் பிரவுசரைக் கணக்குத் தொடங்காமலேயே யாரும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். டி.என்.ஏ. வரிசையின் கலவை இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதைக் கற்கும் மாணவர்களுக்கு இதை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன்.

ஹீமோகுளோபினையே எடுத்துக்கொள்வோம். அதன் ஆல்ஃபா சங்கிலிக்கான மரபணுக்கள் 16ஆம் குரோமோசோமின் நுனியிலும், பீட்டா சங்கிலிக்கானது 11ஆம் குரோமோசோமிலும் உள்ளன. இரண்டையும் தேடி, ஐந்தைந்து காரங்களாக (டி.என்.ஏ. எழுத்துகளாக) கணக்கிடப்படும் ஜிசி விழுக்காட்டு (குவானின், சைட்டோசின் என்ற இரு காரங்களின் பங்கு) வரைபடத்தை இயக்கினால், ஆல்ஃபா பகுதியில் கோடுகள் உயர்ந்தும் பீட்டா பகுதியில் தாழ்ந்தும் நிற்பதைக் காணலாம். ஆல்ஃபா மரபணுக்களை ஒட்டிச் சிபிஜி தீவுகள் (சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இணைகள் செறிந்த பகுதிகள்) பச்சைக் கட்டங்களாகத் தெரிகின்றன (300 காரங்களுக்குக் குறைந்தவை வெளிர் பச்சை). பீட்டா மரபணுவிலோ ஒன்றுகூட இல்லை. ஒரே புரதத்தில் சேர்ந்து இயங்கும் இரு சங்கிலிகள் இவ்வளவு வேறுபட்ட சூழலில் எழுதப்பட்டிருப்பதைப் பாடப்புத்தகத்தின் எந்தப் படமும் இத்தனை தெளிவாகக் காட்டியதில்லை.

உயிரினங்களை ஒப்பிடும்போதுதான் குறை தெரிகிறது. ஒரு சாளரத்தில் ஒரு ஜீனோமின் வரைபடமே தெரியும். ஜிசி சராசரியை மட்டும் பார்த்தால் மனிதனுக்கு ஏறத்தாழ 41 விழுக்காடு, ஈஸ்ட்டுக்கு 38 என்று நெருங்கி வரும். ஆனால் மனிதனில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஏறிய சைட்டோசின் காலப்போக்கில் தைமினாக மாறிவிடுவதால், சிபிஜி இணைகள் எதிர்பார்க்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்குதான் எஞ்சியுள்ளன. அத்தகைய மெத்திலேற்றம் இல்லாத ஈஸ்ட்டில் அந்தப் பெருஞ்சரிவு கிடையாது. ஆகவே 50 விழுக்காடு ஜிசி, 200 காரங்களுக்கு மேற்பட்ட நீளம், எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்டால் 0.6க்கு மேற்பட்ட சிபிஜி விகிதம் என்ற தீவு வரையறையை முதுகெலும்பிகளுக்கு வெளியே அப்படியே பொருத்துவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். இந்த எச்சரிக்கை மாணவர் கண்ணில் முதலில் படும்படி திரையிலேயே இருந்திருக்க வேண்டும்.

ஜிசி 19 விழுக்காட்டில் நிற்கும் மலேரியா ஒட்டுண்ணி பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தையும், 72 விழுக்காட்டைத் தொடும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற பாக்டீரியாவையும் அருகருகே வைத்து ஆராய விரும்புவோர், வரிசைகளைத் தரவிறக்கி, ஒரு சிறு நிரல் எழுதித் தாமே எண்ணிக்கொள்வதே நல்லது.